வெளிப்பக்கம் துடைப்பவர் வீட்டுக்குள் போகலாமா?

கேள்வி: மூன்று வருடமாக வீடுகளுக்கு வெளிப்பக்க ஜன்னல் கண்ணாடி சுத்தம் செய்து தருகிறேன். நீளக் கம்பு, பிரஷ், சுத்திகரித்த தண்ணீர், இவ்வளவுதான் என் முதல். இப்போது பலர் "உள்பக்கமும் செய்து கொடுங்களேன்" என்கிறார்கள். இரண்டு வீட்டில் செய்து பார்த்தேன். வெளியே பளிச்சென்று வரும் கண்ணாடி உள்ளே மங்கலாகவே நிற்கிறது. ஒரு வீட்டில் சோபாவில் தண்ணீர் சொட்டிவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. ஏதாவது உடைந்தால், காணாமல் போனால் பழி என்மேல் விழுமோ என்றும் பயமாக இருக்கிறது. இந்த வேலையை எடுக்கலாமா, வேண்டாமா? எடுத்தால் கூலியை எப்படிக் கணக்கிடுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

தாராளமாக எடுங்கள். பயந்து ஒதுக்க வேண்டிய வேலை இல்லை இது. ஆனால் வெளியே செய்வதை அப்படியே வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோயிருக்கிறீர்கள். மங்கலுக்கும் சரி, சோபாவில் சொட்டியதற்கும் சரி, அதுதான் காரணம். வெளியே பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும். உள்ளே கையும் துணியும்தான் செய்ய வேண்டும். கண்ணாடி ஒன்றுதான் என்றாலும் இதை வேறு வேலை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வாளியும் துணியும் தனி, நேரக் கணக்கும் கூலியும் தனி.

முதலில் மங்கல். வெளிக்கண்ணாடியில் படிவது தூசி, மகரந்தம், பறவை எச்சம், மழைத்துளி காய்ந்த தடம். பிரஷால் கிளறிவிட்டு, உப்பு நீக்கிய தண்ணீரை ஓடவிட்டால் அழுக்கு அதோடு போய்விடும். மிச்சத் துளிகளில் உப்பு இல்லாததால் காய்ந்தாலும் புள்ளி விழாது. உள்ளே படிவது எண்ணெய்ப் பசை. சமையல் ஆவி, சிகரெட் புகை, மெழுகுவத்திக் கரி, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே, விரல் தடம், நாயின் மூக்குத் தடம் எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகிவிடும். ஆள் குடிவராத புது வீட்டிலும் இது இருக்கும். புது பிளாஸ்டிக், பெயின்ட், ஃபர்னிச்சர் இவை விடும் ஆவி கண்ணாடியில் வந்து படிகிறது. புதுக் காரின் முன்கண்ணாடி உள்பக்கமாக மங்குவதும் இதனால்தான்.

இந்தப் பசையை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் போகாது. இளகிப் பரவும், அவ்வளவுதான். துடைத்த ஈரத்தில் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். காய்ந்ததும் மறுபடி பால் ஊற்றியதுபோல நிற்கும். அதனால் ரொம்ப நாள் துடைக்காத கண்ணாடியை இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்று பசையை இளக்கி எடுக்க மட்டும். வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு, நன்றாகப் பிழிந்த துணி. அழுத்தித் தேய்த்து அந்தத் துணியாலேயே வழித்து எடுத்துவிடுங்கள். அந்தத் துணியைத் திரும்பக் கண்ணாடிப் பக்கம் கொண்டுவரக் கூடாது. இரண்டாவது சுற்றில் புதுத் தண்ணீர் பூசி, ரப்பர் வைத்த கைவைப்பரால் இழுங்கள். ஒழுங்காகத் துடைத்துவரும் வீட்டுக்கு இந்த இரண்டாவது சுற்று மட்டும் போதும்.

சோப்பு கூடினாலும் மங்கும். ஐந்து லிட்டர் வாளிக்குச் சில சொட்டு போதும். வைப்பர் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், நுரை நிற்கக் கூடாது. அப்புறம், மைக்ரோஃபைபர் துணியை எப்படித் துவைக்கிறீர்கள்? வீட்டுத் துணியோடு சேர்த்துப் போட்டு, வாசனைக்காக ஃபேப்ரிக் கண்டிஷனரும் ஊற்றினால் அந்தத் துணி கண்ணாடிக்கு ஆகாது. கண்டிஷனர் இழைகளில் பூச்சாகப் படிந்துவிடும். துணி தண்ணீரை இழுக்காது, இருக்கிற பூச்சையும் கண்ணாடியில் தடவிவிடும். ஒரு புது ஆள் எத்தனை சோப்பு மாற்றினாலும் மங்கல் போகவில்லை என்று என்னிடம் வந்தார். கடைசியில் சிக்கல் அவருடைய துணி துவைக்கும் முறையில் இருந்தது. கண்ணாடித் துணிகளைத் தனியாக, கண்டிஷனர் இல்லாமல் துவையுங்கள்.

வைப்பரின் ரப்பரையும் பாருங்கள். நாம் பிடிக்கும் இந்த ஒற்றை ரப்பர் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கியவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். வருடம் 1936. அதற்கு முன்பு இருந்த வைப்பர் கனமானது, ரப்பர் மாற்றப் பல திருகுகளைக் கழற்ற வேண்டும். நம்மைப் போன்ற ஒரு தொழிலாளி அந்தத் தொல்லையை ஒழித்து, நிமிடத்தில் மாற்றும்படி செய்து கொடுத்தார். அப்படியும் நம்மில் பலர் ரப்பரை மாற்ற மனம் வராமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறோம். ரப்பர் விளிம்பில் நகக்கீறல் அளவு வெட்டு இருந்தால்கூட ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கோடு விழும். வெளியே தூரத்தில் அது தெரியாமல் போகலாம். உள்ளே வாடிக்கையாளர் அந்தக் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து காபி குடிப்பவர். உள்வேலைக்கு என்று ஒரு ரப்பரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளிம்பு தேய்ந்தால் திருப்பிப் போடுங்கள், இரண்டும் தேய்ந்தால் வெளிவேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி தண்ணீர். உங்கள் சோபா கதையைப் படித்தபோது நான் முன்பு வேலை செய்த வீடு ஒன்று ஞாபகம் வந்தது. தொழிலுக்கு வந்த புதிது. வெளியே செய்வதுபோலவே இடுப்பில் பெல்ட் கட்டி, கண்ணாடியில் தண்ணீர் பூசும் ஈரமான துணிக்கட்டையை அதில் மாட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். கண்ணாடி எல்லாம் அருமையாக வந்தது, அவர்களும் திருப்தியாகப் பணம் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. போய்ப் பார்த்தால், பாலிஷ் போட்ட மரத்தரையில் ஹாலிலிருந்து மாடிப்படி வரை நான் நடந்த வழி முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். என் இடுப்பிலிருந்து சொட்டியது. பாலிஷுக்குள் ஈரம் இறங்கினால் அப்படித்தான் வெளுக்கும். அந்தத் தரையைச் சரிசெய்ய நான் கொடுத்தது அந்த வீட்டில் வாங்கிய கூலியைப்போலப் பல மடங்கு. அன்றோடு சரி, உள்வேலையில் ஈரமான எதையும் இடுப்பில் மாட்டுவதில்லை. வாளி ஒரு டவல்மேல் இருக்கும், துணிக்கட்டை வாளிக்குள் இருக்கும். அறை மாறும்போது டவலோடு வாளி போகும்.

கண்ணாடியில் தண்ணீர் பூசும்போதும் கஞ்சமாக இருங்கள். துணிக்கட்டையை முறுக்கிப் பிழிந்தபின் தலைகீழாகப் பிடித்து மூன்று வரை எண்ணுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி பிழியுங்கள். ஜன்னல் விளிம்பில் ஒரு டவலைச் சுருட்டிக் கண்ணாடியை ஒட்டி வையுங்கள், கீழே தரைக்கு இன்னொரு விரிப்பு. கண்ணாடியின் அடியில் இரண்டு விரல் அகலம் விட்டு மேலே மட்டும் பூசுங்கள். மேல் ஓரத்தில் காய்ந்த துணியால் ஒரு விரல் அகலம் துடைத்துவிட்டு, வைப்பரை அந்தக் காய்ந்த இடத்தில் வைத்து இழுக்கத் தொடங்குங்கள். ரப்பர் காய்ந்த இடத்திலிருந்து கிளம்பினால்தான் முதல் கோடு விழாது. மேலிருந்து நேராகக் கீழே, ஒரு இழுப்பின்மேல் அடுத்த இழுப்பு கொஞ்சம் ஏறும்படி. இடது கையில் மடித்த துணி, வைப்பருக்கு அடியிலேயே கூடவே இறங்கட்டும். வழிகிற தண்ணீர் விளிம்புக்குப் போகுமுன் துணியில் விழுந்துவிட வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் ரப்பரைத் துடைக்க மறக்காதீர்கள். கடைசியில் நான்கு ஓரத்தையும் காய்ந்த துணியால் ஒரே ஓட்டமாகத் துடைத்துவிட்டால் முடிந்தது. முதல் நாள் இரண்டு கையும் ஒத்துவராது. உங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு வாரம் பழகிவிட்டு வெளியே போங்கள்.

சின்னச் சின்னக் கட்டமாக இருக்கும் ஜன்னல், உள்பக்கம் கம்பி போட்ட ஜன்னல் இவற்றில் வைப்பரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, போதும். துணியை நான்காக மடித்து, ஒரு பக்கம் ஈரமானதும் அடுத்த பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். எந்த ஜன்னலிலும் ஸ்பிரே பாட்டிலைக் கண்ணாடியை நோக்கி அடிக்காதீர்கள். துணியில் அடித்துத் துடையுங்கள். அடித்த சாரல் பக்கத்துச் சுவரிலும் திரைச்சீலையிலும் போய் உட்காரும்.

உள்ளே எப்போதும் மேலிருந்து கீழாக இழுங்கள். வெளிப்பக்கத்தையும் வைப்பரால் செய்கிற வீடாக இருந்தால் அங்கே குறுக்காக இழுங்கள். வேலை முடிந்து பார்க்கும்போது ஒரு கோடு தெரிந்தால், நிற்கும் கோடா படுத்த கோடா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், இரண்டு முறை ஓட வேண்டியதில்லை. பார்க்கும்போது நேராக நின்று பார்க்காதீர்கள், பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். எந்தப் பக்கத்தை முதலில் செய்வது என்பதில் ஆளுக்கொரு பழக்கம். நான் உள்பக்கம்தான் முதலில். செருப்பில் மண் இல்லாத, கை காய்ந்திருக்கிற, துணியெல்லாம் சுத்தமாக இருக்கிற நேரத்தில் வீட்டுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். வெயில் நேராக அடிக்கும் ஜன்னலைக் கடைசிக்குத் தள்ளுங்கள், தண்ணீர் வைப்பருக்கு முன்னே காய்ந்துவிடும்.

வெளியே நீங்கள் சந்திக்காத சில கண்ணாடிகள் உள்ளே இருக்கும். இதைக் கவனமாகப் படியுங்கள், பணம் போகும் இடம் இதுதான்.

வெயிலைத் தடுக்க ஒட்டும் ஃபிலிம் பெரும்பாலும் உள்பக்கம்தான் ஒட்டியிருப்பார்கள். கண்ணாடியின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் ஃபிலிம் முடியும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். ஃபிலிம்மேல் பிளேடு, கரடுமுரடான பஞ்சு, அமோனியா கலந்த கிளீனர் எதுவும் படக் கூடாது. புதிதாக ஒட்டியதாக இருந்தால் குறைந்தது 30 நாள் தொடவே வேண்டாம், பசை காய வேண்டும். வெப்பத்தைத் தடுக்கும் கடினப் பூச்சு சில கண்ணாடிகளில் அறைப் பக்கமாகவே இருக்கும். அதில் உலோகம் உரசினால் உலோகமே பூச்சில் ஒட்டிக்கொண்டு பென்சில் கோடுபோல நிற்கும். வைப்பரின் உலோக முனை கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரேப்பர், அதாவது சுரண்டும் பிளேடு விஷயத்தில் நான் கறாரான ஆள். பெயின்ட் சொட்டு, ஸ்டிக்கர் பசை என்று பார்த்ததும் பிளேடை எடுக்கத் தோன்றும். ஜன்னலின் மூலையில் சின்னதாக முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பெரும்பாலும் சூடேற்றிக் கடினமாக்கிய டெம்பர்டு கண்ணாடி என்று சொல்லும். அந்த வகைக் கண்ணாடியில் சில சமயம் சூளையில் ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கும், ஈரக் கையால் தடவினால் நெருநெருவென்று தட்டுப்படும். பிளேடு போட்டால் அந்தத் துகள் பெயர்ந்து, பிளேடோடு இழுபட்டுக் கீறிவிடும். கீறலை எளிதில் போக்க முடியாது, பெரும்பாலும் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டிவரும். பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் எடுக்கப் பாருங்கள். பிளேடு போட்டே ஆக வேண்டும் என்றால் அபாயத்தை வாடிக்கையாளரிடம் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கண்ணாடி நனைந்திருக்க வேண்டும், புது பிளேடு வேண்டும், முன்னால் மட்டும் தள்ள வேண்டும். பின்னால் இழுத்தால் அடியில் சிக்கிய துகளும் சேர்ந்து வரும்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் நடுவில் பனி படர்ந்திருந்தால் அது நம்மால் துடைக்க முடிவதல்ல. சீல் விட்டுப்போய் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது. வேலை தொடங்குமுன்பே கையை வைத்துக் காட்டிவிடுங்கள். "இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, நடுவில் இருக்கிறது" என்று அவரையே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முடித்தபின் சொன்னால் சாக்குப்போல இருக்கும். வினிகரும் கையில் வேண்டாம். ஜன்னல் விளிம்பு மார்பிளாக இருந்தால் அமிலம் பட்ட இடம் மங்கிப்போகும். வாடிக்கையாளர் கொடுக்கும் கிளீனர்களை ஒன்றோடு ஒன்று கலக்கவே கலக்காதீர்கள். அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் வருவது நச்சுவாயு.

அறையைப் பற்றி. வேலைக்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்: விளிம்பில் இருக்கும் பொருட்களை எடுத்து வைக்க வேண்டும், ஜன்னலை ஒட்டிய நாற்காலி மேசையைக் கையகலம் நகர்த்த வேண்டும். அவர்களுடைய பொருளை அவர்கள் கை எடுப்பதுதான் நல்லது. எடுக்காமல் விட்டிருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், எடுக்குமுன் போனில் ஒரு படம் பிடியுங்கள், படத்தைப் பார்த்து இருந்த இடத்திலேயே வையுங்கள். தனியாளாக நகர்த்த முடியாத கனமான பொருள் என்றால் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள். டிவி, பியானோ, சுவரோரம் கிடக்கும் பிளக் போர்டு இவற்றின்மேல் காய்ந்த விரிப்பைப் போட்ட பிறகுதான் வாளி அறைக்குள் வர வேண்டும். திரைச்சீலையை முடிச்சுப் போட்டுக் கசக்காமல் ஒரு கிளிப்பால் ஒதுக்குங்கள். ஜன்னல் சட்டத்தில் அலாரம் சென்சார் இருந்தால் அதை நனைக்காதீர்கள், அலாரத்தை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். மரச்சட்டத்தில் பெயின்ட் உரிந்திருந்தால் அந்த மரம் தண்ணீரைக் குடித்து உப்பும், உடனே துடையுங்கள்.

நுழைந்ததும் வாடிக்கையாளரோடு ஒரு சுற்று நடங்கள். விரிசல், பழைய கீறல், உடைந்த கொண்டி எல்லாவற்றையும் அப்போதே காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். "இது நீங்கள் வருமுன் இல்லையே" என்ற பேச்சு அதோடு எழாது.

காணாமல் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அதில் தப்பொன்றும் இல்லை. ஆள் இருக்கும்போதுதான் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பையை வாசலிலேயே விட்டுவிட்டு, தேவையான கருவியை மட்டும் திறந்த வாளியில் எடுத்துப் போங்கள். நகையோ பணமோ கண்ணில் பட்டால் அந்த அறைக்குள் போகாமல் கூப்பிட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குழந்தைகள் மட்டும் இருக்கும் வீட்டில் வேலை செய்யாதீர்கள். வாளியைக் குழந்தை எட்டும் இடத்தில் விட்டு நகராதீர்கள். திறந்த ஜன்னலை எப்படி இருந்ததோ அப்படியே பூட்டிவிட்டு, கொண்டியைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். மாடி வீட்டில் ஒரு பூனையோ குழந்தையோ அந்த ஜன்னலுக்கு வரும். நீங்களும் மாடி ஜன்னலில் உடம்பை வெளியே நீட்டி மறுபக்கம் துடைக்கப் போகாதீர்கள், விளிம்பில் ஏறி நிற்காதீர்கள். ரப்பர் பாதம் வைத்த சின்ன ஏணி, எட்டாத இடத்துக்குச் சின்னக் கம்பு. அதற்கும் எட்டாததை எட்டாது என்று சொல்லுங்கள்.

காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். வீட்டுக்குள் செய்யும் வேலைக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். நாம் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளுக்கே வரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் ஒரு விதி இருக்கும். சோபா நனைந்தால் கிடைக்கும், கண்ணாடி கீறினால் கிடைக்காது என்று ஆகிவிடலாம்.

கூலி. வெளிப்பக்கத்துக்கு வாங்குவதில் பாதியைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. எங்கிருந்து வந்த கணக்கோ தெரியவில்லை, ஆனால் நட்டம் நிச்சயம். நீங்கள் கம்பு வைத்து வெளியே அரைமணியில் முடிக்கும் வீடு உள்ளே ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம், ஏனென்றால் பாதி நேரம் கண்ணாடியைத் தொடாத வேலை. அடுத்த மூன்று நான்கு வீட்டில் கடிகாரத்தைப் பாருங்கள். காலணியைக் கழற்றியதிலிருந்து கடைசித் திரைச்சீலையை விரித்துவிடும்வரை எல்லாம் நேரம்தான். அதை உங்கள் ஒரு மணி நேரக் கூலியால் பெருக்குங்கள். ரொம்ப நாள் கழித்து முதல்முறை துடைக்கும் வீட்டுக்கு இரண்டு சுற்று வேலை, அதற்குத் தனி விலை சொல்லுங்கள். அடுத்த முறை குறையும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பார்க்காமல் போனில் விலை சொல்லாதீர்கள். உள்பக்கத்துக்கு மழையும் புழுதியும் இல்லை, அதனால் வெளிப்பக்கம்போல அடிக்கடி தேவைப்படாது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போதும் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தச் சோபா வீடு. அவர் ஒன்றும் சொல்லாததால் முடிந்துபோனது என்று விட்டுவிடாதீர்கள். வெளிப்பக்கம் துடைக்க அங்கே போகிற அடுத்த முறை கம்பை எடுக்குமுன் கதவைத் தட்டி, "அன்றைக்குச் சோபாவில் தண்ணீர் பட்டதே அம்மா, தடம் ஏதாவது நிற்கிறதா? பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தடம் இருந்தால் சுத்தம் செய்யும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மங்கலாக விட்டுவந்த அந்த ஜன்னல்களை இரண்டு சுற்று முறையில் கூலி வாங்காமல் ஒருமுறை செய்து கொடுங்கள். டவலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.